கண்மாய்க்கரை தூண்டில் விடுதி: பிடிச்ச மீன் அன்னைக்கே இலைக்கு வரணுமா?

ஊருணிக்கரை:
சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர், சிங்கம்புணரி பக்கம் ஊரைவிட்டுத் தள்ளி, கண்மாய்க்கரையில ஒரு தூண்டில் விடுதி. 6 அறை, 12 பேர் தங்கலாம். மீன்பாசி குத்தகை (கண்மாய்ல மீன் பிடிக்கிற உரிமை) முறையா எடுத்தாச்சு. சாமான் வாங்கப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும், கரண்டை நம்ப முடியாது. இதுக்குச் சமையல் திட்டம் போடணும். "நீங்க பிடிச்ச மீன், அன்னைக்கே உங்க இலையில" என்று வர்றவங்களுக்கு வாக்குக் கொடுக்கலாமா, கூடாதா? காரணத்தோட சொல்லுங்க.

மடைக்காரன்:
தாராளமாக் கொடுக்கலாம். இவ்வளவு தூரம் மண் ரோட்டுல வர்றவங்க பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட வரலை. கண்மாய் விராலை மண்சட்டிக் குழம்பா நல்லெண்ணெய் மிதக்கச் சாப்பிடத்தான் வர்றாங்க. அது இல்லேன்னா காரைக்குடி, கானாடுகாத்தான் அரண்மனை ஓட்டல்களுக்கே போயிருப்பாங்க.

செய்முறையும் கஷ்டமில்லை. விரால் காத்தைக் குடிச்சு உயிர் வாழ்ற மீன். ஈரச் சாக்குல போட்டு நிழல்ல வச்சா மணிக்கணக்கா உயிரோட இருக்கும். காலையில 9 மணிக்குக் கரைக்கு வந்த மீனை மதியம் 1 மணிக்கு உயிரோடயே அறுக்கலாம், ஐஸ் வேணாம், பிரிட்ஜ் வேணாம். கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுக் கருங்கல்லுல உரசினா வழவழப்பும் செதிலும் ஒண்ணாப் போயிரும். அப்புறம் மஞ்சத்தூள் போட்டு ரெண்டு தண்ணி.

அடுப்படி:
மடைக்காரன் அண்ணே, நீங்க சொல்றது ஒரு விரால், ஒரு வீடு, ஒரு சட்டிக்குச் சரி. 12 இலைக்குக் கணக்குப் போடுங்க.

ஆளுக்குக் குழம்புல 2 துண்டு, வறுவல்ல 1 துண்டு வச்சாலும் முள்ளோட 250 கிராம் வேணும். மொத்தம் 3 கிலோ துண்டு. தலை, குடல், செதில் போக அவ்வளவு தேறணும்னா முழு மீன் 5 கிலோவுக்குக் குறையாம வரணும். கட்லாவா இருந்தா தலையே பெருசு, 6 கிலோ ஆகும். ஒரு காலை நேரத்துத் தூண்டில்ல 5 கிலோ வரும்னு யார் உறுதி சொல்றது? மேகம் போட்டுக் காத்து திரும்புச்சுன்னா விரால் புல்லுக்கடியை விட்டு வெளிய வராது. 1 மணிக்கு 12 பேர் இலை முன்னாடி உக்காந்திருப்பாங்க, அடுப்படியில ஒண்ணும் இருக்காது.

ரெண்டாவது, வாக்குக் கொடுத்துட்டா வேலையாட்கள் அதைக் காப்பாத்தக் கை வைக்கக்கூடாத மீன்ல கை வைப்பாங்க. குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்குற பெரிய விரால்தான் தூண்டிலுக்குச் சட்டுன்னு பாயும். அதை எடுத்தா அந்தக் கூட்டம் முழுக்கக் கெண்டைக்கும் கொக்குக்கும் இரையாப் போகும். குத்தகை எடுத்தவருக்கே நஷ்டம்.

காவிரிக்கரையில பீமேஸ்வரி தூண்டில் முகாம் நடந்த காலத்துல மஹ்சீரைப் பிடிச்சா எடை போட்டு, படம் எடுத்து, தண்ணியிலயே விட்டுருவாங்க. சாப்பாடு தனியா நடந்துச்சு. தூண்டில் வேற, அடுப்பு வேற. அந்த ஒழுங்குதான் சரி.

மடைக்காரன்:
பீமேஸ்வரியை இங்க கொண்டுவராதீங்க. மஹ்சீர் அழியுற நிலையில இருக்கிற ஆத்து மீன். கண்மாய் மீன் அப்படியா? கோடையில தண்ணி வத்துனா ஊரே ஊத்தா, கச்சா மாதிரி மீன்பிடி சாமானை எடுத்துக்கிட்டு இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்திக் கடைசி மீன் வரைக்கும் எடுத்துரும். விட்டுட்டாலும் அது மே மாசம் சேத்துல சாகப்போற மீன்தான்.

எடுத்துக்காட்டு வேணும்னா கனடா ஏரி விடுதிகளைப் பாருங்க. மதியம் படகைக் கரையில ஒதுக்கி, காலையில பிடிச்ச வால்ஐ (walleye) ங்கற ஏரி மீனைச் சதை மட்டும் கீறி எடுத்து, விறகடுப்புல இரும்புச் சட்டி வச்சுப் பொரிச்சு, உருளைக்கிழங்கு வெங்காயத்தோட அங்கயே போடுவாங்க. அந்த விடுதிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கரைச் சாப்பாடுதான்.

அடுப்படி:
அந்தக் கரைச் சாப்பாட்டுலயும் மீன் மாட்டலைன்னா போட வேற சாமான் படகுலயே இருக்கும், அதைச் சொல்லாம விட்டீங்க. அதோட அங்க ஏரித் தண்ணி குளிர். நம்ம கண்மாய்த் தண்ணி மார்ச் மாசம் 30 டிகிரியைத் தொடும். விரால் உயிரோட வரும், ஒத்துக்கறேன். கட்லா, ரோகு, மிருகால்? தூக்கின கொஞ்ச நேரத்துல செத்துரும். செத்த மீனை வெயில்ல சாக்குல போட்டு ரெண்டு மணி நேரம் தூண்டில் போட்டுக்கிட்டே இருந்தா குடல் இளகி வயித்துச் சதை கரைய ஆரம்பிச்சுரும். விலா முள்ளு சதையை விட்டுத் தனியா நிக்கும். அந்த மீனைச் சட்டியில போட்டா குழம்பு கலங்கிரும்.

அதுக்குப் படகுலயே ஐஸ் பெட்டி வேணும். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ். பிடிச்ச உடனே மண்டையில ஒரு அடி, செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு, ஐஸும் தண்ணியும் கலந்த கரைசல்ல முக்கணும். வெறும் ஐஸ் கட்டி மேல வச்சா பட்ட இடம் மட்டும்தான் குளிரும்.

முக்கியமானதை இன்னும் யாரும் தொடலை. சேத்து வாடை.

ஊருணிக்கரை:
அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன். ஏப்ரல்ல எடுக்கிற மீன்ல மண்ணைக் கடிச்ச மாதிரி ஒரு வாடை வருது. மசாலாவைக் கூட்டினாப் போகுமா?

அடுப்படி:
போகாது. தண்ணியில நீலப்பச்சைப் பாசியும் அடிச்சேத்து நுண்ணுயிரும் உண்டாக்குற ஜியோஸ்மின்னு ஒரு பொருள்தான் காரணம். மீன் அதைச் செவுள் வழியா இழுத்து, தோலுக்கடிக் கொழுப்புலயும் வயித்துச் சதையிலயும் சேத்து வச்சுக்கும். தண்ணி குறைஞ்சு வெயில் ஏறும்போது பாசி கூடுறதால மாசியில இல்லாத வாடை சித்திரையில வரும். வெளிய கழுவுறதுனால போறதில்லை, அது சதைக்குள்ள இருக்கு.

ஒரே வழி, உயிர் மீனைச் சுத்தத் தண்ணியில இரை போடாம 3 நாள், முடிஞ்சா இன்னும் கூட, வைக்கிறது. உள்ள இருக்கிறது மெதுவாத் தண்ணிக்கு வந்துரும். ஆனா தங்க வர்றவர் 2 ராத்திரிதான் இருப்பார். முதல் நாள் காலையில பிடிச்ச மீன் தயாராகறப்போ அவர் வீட்டுல இருப்பார். இப்ப உங்க வாக்கு என்ன ஆச்சு? பழைய மீனைப் போட்டு "இது நீங்க பிடிச்சது"ன்னு சொல்றதா? சோறு போடுற இடத்துல பொய் சொல்லக்கூடாது.

மடைக்காரன்:
பொய் சொல்லச் சொல்லி யாரும் கேக்கலை. தை, மாசியில கண்மாய் பாதிக்கு மேல நிறைஞ்சு கிடக்கும், வாடை தெரியாது. அப்ப நேரா இலைக்கு வரட்டும். பங்குனிக்கு மேல தோலை உரிச்சு, வயித்து மடிப்பையும் பக்கவாட்டுக் கருஞ்சதையையும் கீறி எறிஞ்சுட்டு, துண்டைப் புளித்தண்ணியில 15 நிமிஷம் ஊறப்போட்டுக் கழுவுங்க. வாடை பெரும்பாலும் அந்தக் கொழுப்போடயே போயிரும். மிச்சத்தைப் புளியோட புளிப்பு அடக்கும். நம்மூர் கண்மாய் மீன் குழம்புல புளி தூக்கலா இருக்கிறது இதுக்கும் உதவும்.

வறுவலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அறுத்த மீன் விறைச்சு நிக்கும்போது கல்லுல போட்டா துண்டு சுருண்டுக்கும், மசாலா உதிரும். ஒண்ணு, அறுத்த உடனே போடணும். இல்லேன்னா விறைப்புத் தளர்ற வரைக்கும் ஐஸ்ல வைக்கணும்.

உப்புக்காத்து:
ரெண்டு பேரும் கண்மாயையே சுத்துறீங்களே. தொண்டிக் கடற்கரை, தேவகோட்டை வழியா ஒன்றரை, ரெண்டு மணி நேரத் தூரம். விடியக்காலை ஏலத்துல எடுத்தா 8 மணிக்குச் சமையல்கட்டுல நகரையும் ஊளியும் இருக்கும். சேத்து வாடைப் பேச்சே இல்லை. தூண்டில் பொழுதுபோக்கா இருக்கட்டும், சாப்பாட்டுக்குக் கடல் மீன் போடுங்க.

அடுப்படி:
சேத்து வாடை இல்லை, வேற வம்பு இருக்கு. சூரை, அயிலை மாதிரி மீன் வழியில சூடாச்சுன்னா சதையில ஹிஸ்டமின் சேரும். அது கொதிக்க வச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தடிச்சு, தலை வலிக்கும். பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லாத இடத்துல அந்த வகையையே வாங்காதீங்க. நகரை, ஊளி வாங்கினாலும் மீனுக்குச் சரி எடை ஐஸ் போட்டு, மூடின பெட்டியில வரணும். உருகின தண்ணி அடியில வடிஞ்சு போகணும்.

அதோட ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலை ஏறிரும். கண்மாய் வத்துறதும் அதே நேரம். கடலை நம்புற விடுதி, கண்மாய் கைவிடுற அன்னைக்கே கடலும் கைவிட்டு நிக்கும்.

நுனிஇலை:
மீன் வருதா வராதாங்கறதுக்கு முன்னாடி நேரத்தைப் பேசுங்க. தூண்டில்காரர் 5:30க்குக் கண்மாய்ல இறங்கி 9 மணிக்கு வர்றார், சாயங்காலம் 4லேருந்து இருட்டுற வரைக்கும் மறுபடி போறார். 8 மணிக்கு டிபன்னு போர்டு போட்டா யாரும் இருக்க மாட்டாங்க.

5 மணிக்குச் சுக்குக் காப்பியும் வெள்ளைப் பணியாரமும். மாவைப் புளிக்க வைக்க வேண்டியதில்லைங்கறதால அது இங்க தோது. பச்சரிசியைக் கப்புல தட்டி அளந்து, அது மேலயே உளுந்தைக் கோபுரமாக் குவிச்சா அதுதான் அளவு. 2 மணி நேரம் ஊற வச்சு வெண்ணெயா அரைச்சு, ராத்திரியே குளிர்ச்சியில வச்சுரணும். வெளிய வச்சுப் புளிச்சுட்டா பணியாரம் எண்ணெய் குடிக்கும். 9:30க்கு இட்லியும், தொட்டுக்க வெங்காயக் கோசும்.

படகுலயே மதியம் இருக்கறவங்களுக்குக் கட்டுச்சோறுன்னா புளிச்சோறு மட்டும். வெறும் சோறையோ சாம்பார் சாதத்தையோ வெயில்ல 5 மணி நேரம் வச்சா சோத்துல வர்ற நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தயிர்ச்சோறு கட்டியே ஆகணும்னா பாலைக் காய்ச்சி ஆறவிட்டு நிறைய ஊத்தி, உறைக்கு ஒரு கரண்டி தயிர். அதையும் ஐஸ் பெட்டியிலதான் வைக்கணும்.

இன்னொண்ணு. கரையேறி வர்றவங்க கையில மீன் வாடை இருக்கும். சோப்புக்கு முன்னாடி புளித்தண்ணியோ எலுமிச்சைத் தோலோ கொடுங்க. இலை போட்டப்புறம் கை மணத்தா குழம்பு எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனமில்லை. பந்தி விசாரிக்கிறவர் சமையல்காரரா இருக்கக்கூடாது, தனி ஆள் வேணும். மீன் துண்டைத் தேடி எடுத்து முள்ளு எந்தப் பக்கம்னு சொல்லி வைக்க ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

அடுப்படி:
நுனிஇலை சொன்னதுல ஒரு எழுத்து மாத்தத் தேவையில்லை. அதோட சைவம் சாப்பிடறவங்களுக்கு அடுப்பு, சட்டி, கரண்டி எல்லாம் தனியா வேணும். புரட்டாசியிலயும் கார்த்திகையிலயும் பாதிப் பேர் மீனைத் தொட மாட்டாங்க. அன்னைக்கு வெண்டைக்காய் மண்டி கை கொடுக்கும். அரிசி கழுவின தண்ணியில புளி கரைச்சுச் செய்யறது, மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். கவுனி அரிசி போட்டா முதல் நாளே ஊற வச்சுருங்க. குழைய வேகறதுக்கு முன்னாடி சர்க்கரையைச் சேத்தா அப்புறம் எவ்வளவு நேரம் வச்சாலும் வேகாது.

மீன் விஷயத்துல என் வழி இது. 11 மணிக்கே குழம்பைக் கூட்டி வச்சுருங்க. 3 கிலோ துண்டுக்குச் சின்ன வெங்காயம் 600 கிராம், உரிச்ச பூண்டு 200 கிராம், புளி 150 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி. வெந்தயம் கருகாமத் தாளிச்சு, மசாலா பச்சை வாடை போய் எண்ணெய் பிரியற வரைக்கும் கொதிக்கவிட்டு இறக்கிருங்க. 12:45க்குத்தான் முடிவு. மீன் வந்திருந்தா மீன் விழும், 8 நிமிஷம் கொதி, கரண்டி போடாமச் சட்டியோட ஆட்டி இறக்கணும். வரலைன்னா அதே குழம்புல அவிச்ச முட்டையோ கத்தரிக்காயும் வத்தலுமோ விழும். எதுவுமே வீணாகாது, வாக்கும் கெடாது, ஏன்னா வாக்கே கொடுக்கலை.

மடைக்காரன்:
குழம்பு கூட்டி வைக்கிறது நல்ல யோசனை, நானும் அதையேதான் சொல்வேன். ஆனா "வாக்கே கொடுக்கலை"ங்கறது எனக்குச் சம்மதமில்லை. வாக்கை மாத்திக் கொடுங்க: "தை, மாசியில வந்தா, நீங்க பிடிச்ச விரால் உயிரோட கரைக்கு வந்தா, அன்னைக்கே உங்க இலையில. பங்குனி முதல், சுத்தத் தண்ணித் தொட்டியில 3 நாள் வச்ச மீன், முன்னாடி தங்கினவங்க பிடிச்சது. நீங்க பிடிக்கிறது உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கு." இதை அறையிலயே எழுதி மாட்டுங்க. மறைக்க ஒண்ணும் இல்லையே?

தொட்டிக்கு: சிமெண்டுத் தொட்டி, 3 அறை. ஒவ்வொரு நாள் மீனும் ஒவ்வொரு அறையில. தண்ணி மட்டத்துக்கு மேல ஒன்றரை அடி சுவர், அதுக்கும் மேல வலை, இல்லேன்னா விரால் ராத்திரியில எகிறிக் குதிச்சுப் போயிரும். கூரை போட்டு இருட்டா வைக்கணும். வெயில் பட்டா தொட்டியிலயே பாசி பிடிச்சு வாடை திரும்ப ஏறும். கிணத்துத் தண்ணி, தினம் மாத்தணும்.

அடுப்படி:
அப்படி எழுதி மாட்டறதா இருந்தா ஒத்துக்கலாம். ஆனா தண்ணி மாத்தறதுக்குக் கணக்கு வேணும். கோடையில கிணறு இறங்கும்போது 3 அறைத் தொட்டிக்கும், 12 பேர் குளிக்கவும், சமையலுக்கும் பத்தாது. அப்ப நீங்க முதல்ல எதைக் குறைப்பீங்க? தொட்டித் தண்ணியைக் குறைச்சா வாடை போகாது. மடையைத் திறக்கிறதும் உங்க கையில இல்லை. குத்தகை மீனுக்கு மட்டும்தான், தண்ணி ஆயக்கட்டுக்காரங்களுது, அதாவது கண்மாய்ப் பாசன வயல்காரங்களுது.

மடைக்காரன்:
கிணறு இறங்கினா சித்திரை பிறந்ததும் விடுதியைச் சாத்திரணும். மழை கொட்டி ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் நிறைஞ்சு, தையில தெளிஞ்சப்புறம் திறந்தாப் போதும். வருஷம் முழுக்கத் திறந்து வைக்கணும்னு யார் சொன்னா?

ஊருணிக்கரை:
சாத்திட்டா 3 வேலையாளுக்குச் சம்பளம்? சமையல்காரர் ஒரு கோடை வேற இடம் போனா திரும்ப வர மாட்டார். சித்திரை, வைகாசியில தூண்டில் இல்லாம, மண்டியும் பணியாரமும் நாட்டுக்கோழியுமா வெறும் சாப்பாட்டுக்கு மட்டும் திறந்து வைக்க முடியுமான்னு சொல்லுங்க. மீன் தொட்டி காலியா இருந்தா கிணத்துத் தண்ணி பத்தும்.