ஊட்டியில் கேரட் வேகவே மாட்டேங்குது: ஆறரை மாசக் குழந்தைக்குக் கையில் என்ன கொடுக்கலாம்?

லவ்டேல்_அம்மா:
மகளுக்கு ஆறரை மாசம். ராகிக் கூழ், பருப்புச் சாதம் மசிச்சது ரெண்டும் சாப்பிடுறா. தலை நிக்குது, பிடிமானம் இல்லாம கொஞ்ச நேரம் உட்காருறா, என் தட்டை இழுக்குறா. கேரட்டை நீளமா வெட்டி இட்லிப் பானையில் 10 நிமிஷம் வேக வச்சா நடுத்தண்டு கடக்குனு நிக்குது. தண்ணியில போட்டு வேக வச்சா மேலே கூழ், உள்ளே கல். கொடுத்த ரெண்டு தடவையும் ஓக்காளிச்சா. மாமியார் வர்க்கியை டீயில் நனைச்சுக் கொடுன்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்?

மலைச்சமையல்:
நிமிஷக் கணக்கை நம்பாதீங்க. அது கீழே சமவெளியில எழுதினது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணி 92, 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். இட்லிப் பானை ஆவியும் அதே சூடுதான். அதனால 10 நிமிஷத்துல வேகுறது இங்கே 20 நிமிஷம்கூட ஆகும். குக்கரில் அழுத்தம் ஏறுறதால சூடு 100-ஐத் தாண்டிடும். அதுதான் நமக்குச் சரி.

கேரட்டின் வால் நுனியைக் கூழுக்கு ஒதுக்கிடுங்க. மீதியைத் தோல் சீவி, உங்க சுண்டுவிரல் நீளத்துக்கு, ஆள்காட்டி விரல் பருமனுக்கு, எல்லாம் ஒரே தடிமனா வெட்டுங்க. ஒரு பக்கம் மெலிஞ்சா அது குழையும்போது இன்னொரு பக்கம் வேகாது. குக்கரில் தண்ணி ஊத்தி, உள்ளே வைக்கிற கிண்ணத்துல தண்ணி விடாம 2 விசில். முத்தின கேரட்டுக்கு 3. அழுத்தம் தானா இறங்கட்டும்.

அப்புறம் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அமுக்குங்க. நடுத்தண்டும் சேர்ந்து நசுங்கணும், ஆனா தூக்கினா உடையக் கூடாது. நசுங்கலைன்னா இன்னொரு விசில். பீட்ரூட், பேரிக்காய்க்கும் இதே சோதனைதான், நேரம் மட்டும் மாறும். முட்டையைச் சட்டியில வேக வச்சா கொதி வந்த பிறகு 15 நிமிஷம் விடுங்க. மஞ்சள் கரு முழுசா இறுகணும்.

தேயிலைக்காடு:
ஓக்காளிப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க. இந்த வயசுல நாக்கின் முன்பக்கத்துலயே அந்தத் தூண்டல் இருக்கும். முகம் சிவக்கும், சத்தம் வரும், நாக்கு வெளியே தள்ளும்: அதுவே தன்னைக் காப்பாத்திக்குது. விரலை விட்டுத் தோண்டாதீங்க, உள்ளே தள்ளிடும்.

சத்தமே இல்லாம, அழ முடியாம, உதடு நீலமாச்சுன்னாதான் அடைப்பு. குப்புறக் கவிழ்த்து முன்கையில படுக்க வச்சு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பகுதியால 5 தட்டு. வரலைன்னா மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால 5 அழுத்தம். பொருள் வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. வீட்டுல இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடணும். நினைவு தப்பினா உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயால மூச்சு ஊதுற முதலுதவி).

வர்க்கி வேண்டாம். ஓரம் பாறையா இருக்கும், நனைஞ்சா பெரிய துண்டா பிஞ்சு தொண்டைக்குப் போகும். உப்பும் கொழுப்பும் வேற. டீ அதைவிட மோசம், அதிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடம்புல சேரவிடாது. மலைத்தேனும் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தொட்டு வைக்கக் கூடாது, பொட்டுலிசம்ங்கிற கடுமையான நச்சு நோய் வர்ற ஆபத்து இருக்கு. மாமியார்கிட்ட "டாக்டர் சொன்னாரு"ன்னு சொல்லிடுங்க, சண்டை வராது.

பழனிமலை_வாசி:
மேலே சொன்னது சரி, ஆனா கேரட்டிலேயே நின்னுடாதீங்க. தாய்ப்பாலில் இரும்பு குறைவு, 6 மாசத்துக்கு அப்புறம் சாப்பாட்டுலதான் வரணும். வேக வச்ச முட்டையை நாலாப் பிளந்து கொடுங்க. ராகி தோசையை மொறுமொறுன்னு வார்க்காம, மெத்துன்னு வார்த்து விரல் அகலப் பட்டையா வெட்டுங்க. கூடவே ஆரஞ்சுச் சாறு ரெண்டு ஸ்பூன் பருப்புல பிசைஞ்சா இரும்பு நல்லா உடம்புல சேரும்.

பட்டர் ஃப்ரூட் பழுத்ததுன்னா வேக வைக்கவே வேண்டாம். வழுக்கும், பொட்டுக்கடலையை மாவா அரைச்சு அழுத்தித் தடவுங்க, தளர்வா ஒட்டினா மூக்குக்குள்ள போகும். மலைவாழையைப் பாதித் தோலோட கொடுத்தா பிடிக்கச் சுலபம். தோலைக் கடிச்சு எடுக்காம பாருங்க. பிளம்ஸுக்குத் தோலும் கொட்டையும் எடுத்துடுங்க. வேக வைக்காத ஆப்பிள், வேக வைக்காத கேரட், முழுத் திராட்சை, முழு நிலக்கடலை எதுவும் வேண்டாம்.

முட்டை, கோதுமை மாதிரி புதுசு எது கொடுத்தாலும் ஒண்ணொண்ணா, காலையில கொடுங்க. தடிப்போ வாந்தியோ வந்தா பகல்லேயே தெரியும்.

லவ்டேல்_அம்மா:
ரொம்ப நன்றி. பீன்ஸ், பச்சைப் பட்டாணி?

மலைச்சமையல்:
பீன்ஸுக்கு ரெண்டு பக்க நாரையும் உரிச்சுட்டு, குழைய வேக வச்சு, நீளவாக்குல திறந்து கொடுங்க. நார்தான் தொண்டையில் சிக்கும். பட்டாணியை இப்போ மசிச்சுக் கொடுங்க. 9 மாசம் வாக்கில் விரல் நுனியால கிள்ளி எடுக்க ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணையும் நசுக்கித் தட்டில் போடுங்க, உருண்டையா விடாதீங்க.