தொண்டிக் கடல்நீரைக் காய்ச்சி காரைக்குடிக்குக் குடிநீரா?

தேவகோட்டைக்காரன்: நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருக்கிறார்: தொண்டியில் கடல்நீரைக் காய்ச்சி ஆவியைப் பிடித்தால் காரைக்குடிக்கே தண்ணீர் தரலாமாம், சவ்வு முறைதான் கரண்டைக் குடிக்கிறதாம். உப்பைத் தடுத்து நல்ல நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வு வழியே கடல்நீரை அழுத்தித் தள்ளும் ஆலையில் 1000 லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட்தான் ஆகும். அதே தண்ணீரைச் சும்மா காய்ச்சி ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வேண்டும்.

சம்பை ஊற்று: அந்த மேதை நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். 600 யூனிட் என்பது வீட்டு அடுப்புக் கணக்கு. ஆலையில் ஒரு கலத்தில் எழும் ஆவியே அடுத்த கலத்தைச் சூடாக்கும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்து நீராவியை வைத்துச் செய்கிறார்கள். லட்சத்தீவுகளில் உள்ள கவரத்தித் தீவில் 2005 முதல் அடுப்பே கிடையாது. வெதுவெதுப்பான மேல்நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரால் அதைத் தண்ணீராக்குகிறார்கள்.

தேவகோட்டைக்காரன்: தொண்டியில் 350 மீட்டர் ஆழத்துக்கு எங்கே போவீர்கள் தம்பி? அங்கே அணு உலையும் இல்லை. கல்பாக்கத்திலேயே பக்கத்தில் சவ்வும் ஓடுகிறது. மீஞ்சூர், நெம்மேலி எல்லாம் சவ்வுதான். மூன்று யூனிட்!

கோட்டையூர் குமார்: மூன்று யூனிட்டை நானும் நம்பவில்லை. கடல்நீரின் சவ்வூடு அழுத்தமே, அதாவது நல்ல நீர் சவ்வைத் தாண்ட முதலில் வெல்ல வேண்டிய அழுத்தமே, 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதைத் தாண்டி 60 பார் வரை தள்ள பம்ப் சும்மா ஓடுமா?

தேவகோட்டைக்காரன்: ஓடாதுதான். வெளியேறும் உப்புநீரில் மிஞ்சும் அழுத்தத்தைத் திரும்ப எடுத்துப் பம்புக்குக் கொடுக்கிறார்கள், அதனால்தான் மூன்று. இதைப் போன மாதமே சொன்னேன், யார் படித்தீர்கள்?

சம்பை ஊற்று: போன மாதம் கந்தரப்பத்துக்குச் சண்டை போட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. சரி, 100 லிட்டர் கடல்நீரை எடுத்தால் 40, 45 லிட்டர்தான் நல்ல தண்ணீர். மீதி உப்புநீரைத் தேவகோட்டையிலா கொட்டுவீர்கள்?

ஆச்சி வீட்டுப் பேரன்: கடலை விடுங்கள். முற்றத்துத் தகரக் குழாயடியில் வாயில் துணி கட்டிய அண்டா வைத்து மழையைப் பிடித்த ஊர் இது. ஊருணி வரத்துக்காலை அடைத்து வீடு கட்டிவிட்டுத் தொண்டிக்குப் போகிறீர்களே.

தேவகோட்டைக்காரன்: யார் அடைத்தது? எங்கள் ஊர் ஊருணியைப் பற்றிக் கோட்டையூர்க்காரர்கள் பேச வேண்டாம்.

கோட்டையூர் குமார்: நான் ஊருணியைப் பற்றி வாயே திறக்கவில்லை! பேசியது பேரன்.

தேவகோட்டைக்காரன்: எல்லாம் ஒரே கூட்டம். ஆலைக்கு உதவும் சவ்வைச் செய்துகாட்டிய இருவரில் ஒருவர் பெயர் சௌரிராஜன், அதையாவது மதிக்கலாம். மூன்று யூனிட்.

சம்பை ஊற்று: தொண்டியிலிருந்து காரைக்குடி வரை தண்ணீர் தானாக நடந்து வருமா அண்ணே? அந்த பம்ப் யூனிட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டைக்காரன்: காய்ச்சிய தண்ணீர் மட்டும் பறந்து வருமா?