அரிசிப் பையில் இருந்த சீட்டு

குழு: நம்ம வீடு

அம்மா (காலை 7:10): லட்சுமி இன்று வேலைக்கு வரும்போது ஒரு பை கொண்டுவந்து காட்டினாள். ஐந்து கிலோ அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய் பாக்கெட், ஒரு போர்வை. மழைத்தண்ணீர் புகுந்த கால்வாய் ஓரத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு ஜெபக்குழு கொடுத்திருக்கிறது. உள்ளே ஒரு சீட்டு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தால் அடுத்த பையை அங்கேயே தருவார்களாம். பெயர், போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் எழுதிக்கொண்டார்களாம். "போகட்டுமா அம்மா" என்று என்னைக் கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பாலு மாமா: இதைத்தான் நான் பல வருஷமாகச் சொல்கிறேன் அக்கா. தண்ணீர் வடிவதற்குள் வந்து நின்றுவிடுகிறார்கள். அடுப்பு நனைந்து கிடக்கிற வீட்டில் போய் சாமியை மாற்று என்றால் அந்த வீட்டுக்காரர் என்ன செய்வார்? போக வேண்டாம் என்று சொல்லிவிடு.

செந்தில் அண்ணன்: மாமா, ஜெசியும் நம் 'நம்ம வீடு' குழுவில் இருக்கிறாள், அவளும் கிறிஸ்தவள்தானே.

பாலு மாமா: ஜெசியை நான் சொல்வேனா? அவள் நம் வீட்டுப் பெண். செய்கிற முறையைத்தான் சொல்கிறேன்.

ஜெசி அண்ணி: பரவாயில்லை. அந்தச் சீட்டு எனக்கும் பிடிக்கவில்லை, மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்களைக் கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மாறினவர்கள் என்று சொல்வார்கள். எங்கள் பாட்டியின் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்து, நாசரேத்தில் மிஷனரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவர். கஞ்சி குடித்தார், எழுதப் படிக்கக் கற்றார், பிறகு டீச்சர் ஆனார். அவர் அந்தக் கஞ்சிக்காகவே மாறினார் என்று வைத்துக்கொண்டாலும், அப்புறம் வந்த நான்கு தலைமுறையும் அதே கஞ்சிக்காகவா ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறோம்? உதவி வாங்கிய ஏழைக்குச் சொந்த புத்தியே கிடையாது என்பது போலப் பேசினால் எனக்கு அது அந்தப் பாட்டியைச் சொல்வது மாதிரி இருக்கிறது.

பாலு மாமா: அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை ஜெசி. வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

ஜெசி அண்ணி: வருத்தம் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன்.

பெரியப்பா: இப்போதுதான் பார்த்தேன். லட்சுமி குடியிருக்கிற கால்வாயே ஜெசி சொன்ன அதே தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியதுதான், தெரியுமா? பொதுப்பணித்துறையில் இருந்தபோது அதில் தூர் வாருகிற வேலை பார்த்திருக்கிறேன். அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற எட்டு கிலோமீட்டரை 1877-78இல் பசியோடு பட்டணத்துக்கு வந்த ஜனங்களை வைத்துத் தோண்டினார்கள், அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையே வைத்தார்கள். அதே கால்வாயில் வடக்கே ஓங்கோல் பக்கம் மூன்றரை மைல் வேலையை ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் காண்ட்ராக்ட் எடுத்தார். ஓங்கோல் அன்றைக்கு மதராஸ் ராஜதானியில் இருந்தது. வேலை கொடுத்தார், கூலி கொடுத்தார். வந்தவர்களில் நிறையப் பேர் மாதிகா ஜனங்கள், தெலுங்குப் பக்கத்தில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களே ஞானஸ்நானம் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. நிவாரணம் நடக்கிறவரை ஒருவருக்கும் கிடையாது என்று பதினைந்து மாதம்போல நிறுத்திவைத்தார். சோற்றுக்காக வருகிறார்களா, மனசோடு வருகிறார்களா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதே என்பதுதான் அவருடைய கவலை. பஞ்சம் தணிந்து, இனி கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகும் ஜனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அந்த மனிதர் காத்திருந்தார் பார், அதை நான் மதிக்கிறேன்.

திவ்யா: அப்பா, மீதிக் கதையையும் சொல்லுங்கள். அந்த வேலையில் மேஸ்திரியாக நின்றவர்கள் அவருடைய உபதேசிமார்கள். ஓய்வு நேரத்தில் கூலிக்காரர்களோடு உட்கார்ந்து வேதம் பேசினார்கள். கூலி அளக்கிறவர் பேச ஆரம்பித்தால் கூலி வாங்குகிறவர் எழுந்து போக முடியுமா?

பெரியப்பா: அது சரிதான். போக முடியாது. ஆனால் அதே உபதேசிமார்களில் பலர் அந்த ஜனங்களுடைய சொந்தக்காரர்களும் கூட. வேறு காண்ட்ராக்டில் அடியும் வசவும் வாங்கிய ஆட்கள் இங்கே மரியாதையாக நடத்தப்பட்டார்கள். அந்த மரியாதையும் அவர்களை இழுத்திருக்கும். அதை லஞ்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

செந்தில் அண்ணன்: மரியாதை என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் ஒரு அன்னதானக் கமிட்டி அதே கால்வாய் ஓரத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் கொடுத்தது. ஒரு மணி நேரம் வெயிலில் உட்காரவைத்து, சுலோகம் சொன்ன பிள்ளைக்குத்தான் டோக்கன். அங்கே இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருந்தார்கள், முழிமுழி என்று முழித்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். நானும் அங்கே நின்று தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை மாமா.

பாலு மாமா: அதுவும் தப்புதான். சந்தேகமே இல்லை.

நான்: எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும். லட்சுமி அக்கா "நான் கூட்டத்துக்கு வரவில்லை" என்று சொன்னால் அடுத்த பை கிடைக்குமா, கிடைக்காதா? கிடைக்கும் என்றால் அவர்கள் கூப்பிடட்டும், பாடட்டும், என்ன வேண்டுமானாலும் பேசட்டும், அக்கா கேட்டுவிட்டுத் தன் முடிவை எடுப்பார். கிடைக்காது என்றால் அது உதவியே இல்லை, விலை. செந்தில் அண்ணன் சொன்ன நோட்டுப்புத்தகத்துக்கும் இதே கேள்விதான்.

திவ்யா: சட்டமும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது. மதத்தைப் பரப்பும் உரிமை அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவரை மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அந்தச் சட்டங்கள் மேல் பெரிய நம்பிக்கை இல்லை, ஆசைகாட்டுதல் என்ற வார்த்தைக்குள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். அப்புறம், பலன் கிடைக்கும் என்று மாறுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோமே, லட்சுமி அக்கா கிறிஸ்தவர் ஆனால் யார் யார் எஸ்.சி. என்று சொல்கிற 1950ஆம் வருஷத்து ஆணைப்படி எஸ்.சி. சலுகை போய்விடும். சீக்கியரானாலும் பௌத்தரானாலும் போகாது, இதற்குப் போகும். அவர் பையன் அடுத்த வருஷம் காலேஜ் சேரப்போகிறான். அந்தச் சீட்டில் இதை யாராவது எழுதியிருப்பார்களா?

அம்மா: இது எனக்குத் தெரியாதே. இதை அவளிடம் சொல்ல வேண்டும்.

திவ்யா: சொல்லுங்கள் சித்தி, ஆனால் பயமுறுத்துகிற மாதிரி சொல்லாதீர்கள்.

ஜெசி அண்ணி: 2011இல் வாடிகன், உலகத் திருச்சபைகள் மன்றம், இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்து ஒரு அறிக்கை கொடுத்தார்கள். ஜனங்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்தக் கூடாது, பணம் பொருள் காட்டி இழுக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. ஆக அந்தக் குழு செய்வது எங்கள் விசுவாசத்துக்கே ஒத்துவராது. ஆனால் என் நம்பிக்கையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்கு ஆறுதல் தந்ததை இன்னொருவரிடம் சொல்வது இயற்கைதானே. அரிசி கொடுக்கிற கையோடு சொல்லாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பாலு மாமா: ஜெசி சொல்வதை வடலூரில் கண்ணால் பார்க்கலாம். வள்ளலார் 1867 வைகாசியில் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஜாதி, என்ன மதம், கறி சாப்பிடுவாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் நெய்வேலியில் வேலை பார்த்தபோது எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். கொஞ்ச தூரத்தில் அவர் வழிபாட்டுக்காகக் கட்டிய ஞானசபை. அங்கே வாசலிலேயே எழுதியிருக்கும், கொலை புலை தவிர்த்தவர்கள்தான், அதாவது உயிரைக் கொல்லாதவர்களும் கறி சாப்பிடாதவர்களும்தான், உள்ளே வரலாம் என்று. வள்ளலாருக்குக் கொள்கை இல்லாமல் இல்லை, கண்டிப்பான கொள்கை. ஆனால் அதைச் சபை வாசலில் வைத்தார், சாப்பாட்டு வாசலில் வைக்கவில்லை. நான் பத்து வருஷம் அந்த இரண்டு வாசலையும் பார்த்தும் இதை இப்படி யோசித்ததில்லை.

பெரியப்பா: அருமை பாலு.

ஜெசி அண்ணி: இதை எங்கள் போதகரிடம் கட்டாயம் சொல்வேன்.

நான்: அப்படியானால் நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா? லட்சுமி அக்கா வீட்டு வரிசையில் பதினோரு வீடு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் ஒரு மாத மளிகையும் பிள்ளைகளுக்கு நனைந்துபோன புத்தகப் பைகளும் வாங்கிவிடலாம். படம் எடுக்க வேண்டாம், பேனர் வேண்டாம், பெயர் எழுத வேண்டாம்.

செந்தில் அண்ணன்: நானும் ஜெசியும் ஐயாயிரம்.

பெரியப்பா: என் பென்ஷன் வந்ததும் ஐயாயிரம். நான் வந்து தூக்கவும் செய்வேன்.

பாலு மாமா: மளிகைக்கடை என் பொறுப்பு.

அம்மா (இரவு 8:40): லட்சுமியிடம் சாயங்காலம் எல்லாவற்றையும் பேசினேன். எஸ்.சி. சலுகை போய்விடும் என்கிற விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியுமாம், அவள் அக்கா வீட்டில் பட்ட கஷ்டத்தைப் பார்த்திருக்கிறாளாம். போன ஞாயிறே ஒரு தடவை போய்ப் பார்த்தாளாம், என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள். பாட்டு நன்றாக இருந்ததாம், பக்கத்தில் உட்கார்ந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். மறுபடியும் போவேன், ஆனால் அங்கே பை வாங்க மாட்டேன், வாங்கினால் அதற்குத்தான் வருகிறேன் என்று ஆகிவிடும் என்கிறாள்.

பாலு மாமா: அவளே சொன்னாளா?

அம்மா: அவளேதான். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாலு மாமா: சரி. போய்வரட்டும். அவள் பையனுக்கு எந்த அளவு பை வேண்டும் என்று கேட்டாயா?

அம்மா: பெரிய பை கேட்கிறான். டிபன்பாக்ஸ் வைக்கத் தனி அறை இருக்க வேண்டுமாம்.