இன்று இரவு பெரியப்பாவுக்குத் துணை யார்?

குமரன்: அப்பாவின் சளியிலும் மலத்திலும் புழு இருக்கிறதாம். ரத்தத்திலும் கிருமி ஏறிவிட்டது. இன்னும் ஐசியுவில்தான். இன்று இரவு துணைக்கு யாராவது வர முடியுமா? மூன்று நாளாக நான் தூங்கவில்லை.

கமலா அத்தை: சளியில் புழுவா? மாரியம்மா!

செந்தில்: பூச்சி மாத்திரை போட்டால் போய்விடாதா? பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்களே

மாலதி: அது அல்பெண்டசோல், செந்தில். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் கொடுப்பது. பெரியப்பாவுக்கு வந்திருப்பது ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற வேறு குடற்புழு. அந்த ஒரு மாத்திரைக்கு இது அடங்காது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறும். அப்புறம் குடலுக்குள்ளேயே பெருகி, மறுபடி உடம்பைச் சுற்றி வரும். அதனால் முப்பது வருடம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாம் உலகப்போரில் சயாம்-பர்மா ரயில்பாதை போட்ட போர்க்கைதிகளுக்கு, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இது இருந்தது.

ராஜேந்திரன் சித்தப்பா: மலாயா போன சின்னத் தாத்தாவை அந்தப் பாதைக்குத்தான் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவே இல்லை.

கமலா அத்தை: அவர் பங்குதானே அந்த மேட்டுக்கொல்லை

ராஜேந்திரன் சித்தப்பா: இப்போது அது எதற்கு கமலா

சுந்தரி அண்ணி: இத்தனை வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் கிளம்பியது?

மாலதி: மூட்டுவலிக்கு ஆறு மாதமாக ஸ்டீராய்டு சாப்பிட்டாரே அண்ணி, அதனால்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் புழு கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரலுக்கும், சிலருக்கு மூளைக்கும்கூடப் போகும். குடலில் உள்ள பாக்டீரியாவும் அதோடு சேர்ந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

குமரன்: முதலில் பார்த்தவர் ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். புழு இருந்தால் ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளை அணு ஏறுமாம். அது சரியாக இருக்கிறது, புழுவெல்லாம் இருக்காது என்றார்.

மாலதி: ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஈசினோபில் ஏறாமலே இருக்கலாம் அண்ணா. வயலில் இறங்கி வேலை செய்தவர் என்று யாராவது கேட்டிருக்கலாம். நினைத்தால் வயிறு எரிகிறது.

கமலா அத்தை: அந்தப் பாழாய்ப்போன ஸ்டீராய்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்

மாலதி: வேண்டாம் அத்தை, திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அண்ணா, ஐவர்மெக்டின் கொடுக்கிறார்களா?

செந்தில்: கொரோனாவுக்குச் சாப்பிட்டோமே அதுவா? என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது

மாலதி: அதேதான். கொரோனாவுக்கு அது பலன் தரவில்லை. ஆனால் இந்தப் புழுவுக்கு அதுதான் முதல் மருந்து. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், பெரியப்பாவின் 60 கிலோவுக்கு 12 மில்லிகிராம்.

குமரன்: இரண்டு நாள் கொடுத்தார்கள். இன்று சார்ட்டில் இல்லை.

மாலதி: நிறுத்தக் கூடாது அண்ணா!! நல்ல உடம்புக்காரர்களுக்கு ஓரிரு நாள் போதும். இவருக்குத் தினமும் போக வேண்டும். மலத்திலும் சளியிலும் புழு இல்லை என்று ஆன பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இப்போதே போய்க் கேளுங்கள். மூக்குக் குழாயில் கொடுப்பது உடம்பில் சேருகிறதா என்றும் கேளுங்கள்.

குமரன்: போகிறேன்

கமலா அத்தை: ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தை என்ன செய்வது? பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது

சுந்தரி அண்ணி: அத்தை, மாமா முதலில் கண் திறக்கட்டும்

கமலா அத்தை: தாய்மாமா மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று அண்ணன் எவ்வளவு ஆசையாகச் சொன்னார், அதனால்தான் கேட்டேன்

செந்தில்: தாய்மாமா நான்தான் அத்தை 🙂

ராஜேந்திரன் சித்தப்பா: இரவு நான் வருகிறேன்.

குமரன்: நீங்களா சித்தப்பா?

ராஜேந்திரன் சித்தப்பா: பம்புசெட் விஷயம் வேறு, இது வேறு. என்னைத் தூக்கி வளர்த்தவர்.

மாலதி: சித்தப்பா, துணி மாற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மலத்திலும் சளியிலும் இருக்கும் புழு தோலில் ஏறலாம்.

குமரன்: டியூட்டி டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் செய்திருக்கிறார். வந்து எழுதுவாராம். கதவுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

மாலதி: எழுதியதும் சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் அண்ணா

கமலா அத்தை: அப்போது காதுகுத்து?

ராஜேந்திரன் சித்தப்பா: பஸ் ஏறிவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்குவதா, புதியதிலா?