காரிடாரில் செவ்வந்தி மொட்டு வைக்கவில்லை, குளிர் இல்லாததுதான் காரணமா?

ஈசூன் தொட்டித்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், நான்காம் மாடி. வாசலை ஒட்டிய சுவரோரம் நாலைந்து தொட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு செவ்வந்தி. சீனப் புத்தாண்டு சமயத்தில் நர்சரியில் பூவோடு வாங்கினேன். பூ காய்ந்ததும் வெட்டிவிட்டேன், இப்போது புதர் மாதிரி தழைத்து நிற்கிறது. இலை கரும்பச்சை, அசுவினிப் பூச்சி கிடையாது, காலை வெயில் பத்தரை வரை நேராக விழுகிறது. மொட்டு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

ஒன்றுதான் புரியவில்லை. செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிப் போன ஒரே ஒரு கிளையில் மட்டும் மிளகு அளவுக்கு மூன்று மொட்டு வந்திருக்கிறது. வெயிலே சரியாகப் படாத கிளை அது!

கனடாவில், ஒட்டாவாவில் என் அக்கா இருக்கிறாள். அங்கே அக்டோபர் பிறந்தாலே உறைபனி பயம். போன வருஷம் அதற்கு முன்னால் அவள் கொல்லையில் செவ்வந்தி, ஆஸ்டர், டேலியா எல்லாம் கொட்டிப் பூத்திருந்தது, படம் படமாக அனுப்பினாள். குளிர் தட்டினால்தான் செவ்வந்தி பூக்குமா? வரும் நவம்பர் 8 தீபாவளிக்கு வீட்டில் பூத்த பூவைச் சாமிக்கு வைக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

ரிங்லெட்காரன்:
பதில் அந்த மூன்று மொட்டிலேயே இருக்கிறது, தங்கச்சி. உங்கள் தொட்டிக்கு மேலே காரிடார் விளக்கு இருக்கும். மாலை ஏழு மணி வாக்கில் எரியத் தொடங்கினால் விடிந்துதான் அணையும். அலமாரி நிழலில் இருக்கும் கிளைக்கு மட்டும் அந்த வெளிச்சம் எட்டவில்லை. அதனால்தான் அது மொட்டு வைத்தது.

செவ்வந்தி பூக்கக் குளிர் தேவையில்லை. நீளமான, இடையில் உடையாத இருட்டு தேவை. இரவின் நீளத்தை அளப்பது இலைதான். இலை சேதி அனுப்பினால்தான் நுனிக் கொழுந்து மொட்டாக மாறும். ஒட்டாவாவில் ஜூன் மாதம் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். அப்போது செடி இலையாக மட்டும் வளரும். ஆகஸ்டில் பகல் குறையக் குறைய மொட்டு கட்டி, செப்டம்பர், அக்டோபரில் பூக்கிறது. உறைபனி அதன் பின்னாலேயே வந்து நிற்பதால் குளிருக்குத்தான் பூத்தது போல நமக்குத் தெரிகிறது.

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம் சொச்சம்தான். ஜூனுக்கும் டிசம்பருக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூட இல்லை. ஆக, இருட்டான மூலையில் வைத்தால் இங்கே எந்த மாதத்திலும் மொட்டு வரலாம்.

நான் வளர்ந்தது மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அப்பா பூத்தோட்ட வேலை பார்த்தார். ராத்திரி எழுந்து வெளியே வந்தால் பள்ளத்தாக்கில் பிளாஸ்டிக் கூரைகள் வரிசையாக மஞ்சள் வெளிச்சத்தில் கிடக்கும். அது திருடனுக்காகப் போட்ட விளக்கு இல்லை. தண்டு நீளும்வரை செடியைப் பூக்க விடாமல் வைத்திருப்பதற்காக நடுராத்திரியில் சில மணி நேரம் பல்பு போடுவார்கள். தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டால், ரகத்தைப் பொறுத்து எட்டிலிருந்து பத்து வாரத்தில் வெட்டுப்பூ தயார். தோட்டத்தில் காசு கொடுத்துச் செய்வதை உங்கள் காரிடார் விளக்கு சும்மாவே செய்துகொண்டிருக்கிறது.

இப்போது ஆகஸ்ட் முதல் வாரம். நவம்பர் 8-இலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 30 வரும். ஆனால் நம் ஊர் இரவுச் சூடு மொட்டைத் தாமதப்படுத்தும், பூவும் கேமரன் பூவைவிடச் சிறுத்துதான் வரும். அதற்கும் சேர்த்து ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடுங்கள். சமையலறைப் பக்கம் தெருவிளக்கு படாத ஜன்னல் இருந்தால் செடியை அங்கே மாற்றுவதுதான் சுலபம். அங்கேயும் வெயில் வேண்டும், இரவில் சமையலறை விளக்கு செடிமேல் விழக்கூடாது. இல்லையென்றால் மாலை ஏழுக்குப் பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுத்துவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வெந்துபோகும். இனிமேல் கொழுந்து கிள்ளவும் வேண்டாம், கிள்ளினால் மொட்டுதான் போகும்.

தோ பாயோ மல்லிகைக்கொடி:
அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் செவ்வந்தியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பக்கத்தில் இரண்டு தொட்டி துலுக்கச் சாமந்தியும் போட்டு வையுங்கள். இப்போது விதைத்தால் தீபாவளிக்குப் பூ கிடைத்துவிடும். வாடாமல்லி அதைவிடச் சமர்த்து, நம் வெயிலுக்கு அசையாது. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் துலுக்கச் சாமந்திப் பூ நனைந்து அழுகும், அதனால் சாரல் அடிக்காத பக்கம் வையுங்கள்.

அப்புறம், பெட்டியெல்லாம் வைக்கும்போது காரிடாரில் 1.2 மீட்டர் நடைவழி விட்டே ஆக வேண்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கி கொசுவுக்கு அது போதும்.

ஈசூன் தொட்டித்தோட்டம்:
எத்தனை பெரிய விஷயம், இத்தனை நாள் உரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்! அண்ணே, நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். விளக்கு நேராக அந்தத் தொட்டிகள் மேலேதான் விழுகிறது, அங்கே நின்று நாளிதழ் படிக்கலாம். சமையலறை ஜன்னலில் இடமில்லை, பெட்டிதான். இன்னொரு கேள்வி, அக்காவுக்காக. முதல் உறைபனியிலேயே டேலியா கறுத்துப்போகிறதாம். காப்பாற்ற வழி உண்டா?

குளிர்நாட்டில் இருந்தவள்:
கணவர் வேலைக்காகச் சில ஆண்டு டொராண்டோவில் இருந்துவிட்டு இப்போது செங்காங்கில் இருக்கிறேன். மேகம் இல்லாமல் காற்றும் அடங்கிய இரவில்தான் உறைபனி இறங்கும். அன்று பொழுது சாயும்போதே பழைய போர்வையைத் தரையைத் தொடும்படி மூடச் சொல்லுங்கள். மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். லேசான உறைபனி இரண்டு மூன்றைத் தாண்டினால் அதற்குப்பின் இரண்டு வாரம்கூட நல்ல வெயில் கிடைப்பது உண்டு, அந்தப் பூக்களுக்காகவே இந்தப் பாடு படலாம். ஆஸ்டருக்கு இவ்வளவு வேண்டாம், அது தாங்கும். டேலியா கறுத்தாலும் அழ வேண்டாம். தண்டை வெட்டிவிட்டுக் கிழங்கைத் தோண்டி, உறையாத அறையில் வைத்தால் வசந்தத்தில் மறுபடி நடலாம். அங்கே இலையுதிர்காலத்தில் பூவோடு வாங்கி நடும் செவ்வந்தி, வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்து பெரும்பாலும் போய்விடும். வசந்தத்திலேயே நட்டால் நிலைக்கும்.

ரிங்லெட்காரன்:
நாளிதழ் படிக்கும் வெளிச்சம் என்றால் செவ்வந்தி பூக்காமல் இருப்பதற்குத் தாராளம். பெட்டியை மொட்டில் நிறம் தெரியும்வரை தினமும் போடுங்கள் தங்கச்சி, ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் கிளையை அப்படியே விடுங்கள், அது எல்லாவற்றுக்கும் முன்னால் பூக்கும்.