தேக்கடி ரிவ்யூக்களை வைத்துப் பயணிகளின் பற்றை அளக்க முடியுமா?

மலைத்தடம்:
முதுகலை ஆய்வுக்காகக் கேட்கிறேன். பெரியார் புலிகள் காப்பகத்தில் படகுச் சவாரி போனவர்கள், மூங்கில் தெப்பத்தில் போனவர்கள், இவர்களில் யாருக்குத் திரும்ப வரும் எண்ணம் அதிகம்? கூகுள், டிரிப்அட்வைசர் ரிவ்யூக்களின் சராசரி ஸ்டாரை எடுத்தால் போதுமா? எத்தனை ரிவ்யூ வேண்டும்?

எண்கணக்கு:
ஸ்டாரை நம்பாதீங்க. அது அன்றைய திருப்தி, அவ்வளவுதான். 5 ஸ்டார் போட்டு, கீழே "ஒருமுறை பார்த்தால் போதும்" என்று எழுதியிருப்பார்கள்.

ரிவ்யூவை வாசித்து நாலு விஷயம் குறியுங்க: ஏற்கெனவே வந்தவரா ("இது மூணாவது தடவை"), திரும்ப வருவாரா, பிறரைப் போகச் சொல்கிறாரா, கூடுதல் காசு கொடுக்கத் தயாரா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, பேசவில்லை. பேசாததை 'இல்லை'யில் சேர்த்தால் கணக்கே கெட்டுவிடும். திரும்ப வருவதைப் பற்றிப் பலர் எழுதுவதே இல்லை.

இருவர் தனித்தனியாக முதல் 50-ஐக் குறித்து, கோஹன் கப்பா (இருவரின் குறிப்பும் தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 0.7-க்குக் கீழே வந்தால் விதியைத் திருத்தி, வேறு 50-ல் மறுபடி பாருங்க. 300-ல் 18 பேர் "வருவேன்" என்றால் 6%. ஆனால் உண்மை மதிப்பு 3.8 முதல் 9.3 வரை எங்கேயும் இருக்கலாம். 6%-க்கும் 10%-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கப் படகுக்கும் தெப்பத்துக்கும் தலா 700 ரிவ்யூவுக்கு மேல் வேண்டும். தெப்பத்துக்கு அவ்வளவு கிடைக்காவிட்டால் ஒப்பீட்டை விட்டுவிட்டு, காரணங்களை ஆழமாக எழுதுங்க.

காட்டோரம்:
குறிக்கும் அட்டவணையில் காரணத்துக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். "விலங்கே தெரியலை" என்பது வேறு, டிக்கெட் வரிசைக் கோபம் வேறு. மழைக்குப் பின் ஏரி நிறைந்து, காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடைப்பதால் யானைகள் கரைக்கு வருவது குறையும். கோடையில் நிறைய வரும். அதனால் மாதம் தெரியாத ரிவ்யூவை ஒப்பிடவே கூடாது. டிரிப்அட்வைசரில் அவர் போய்வந்த மாதம் இருக்கும். கூகுளில் பழையவற்றுக்கு "2 ஆண்டுகளுக்கு முன்" என்றுதான் பெரும்பாலும் காட்டும்.

குமுளி ஓட்டல் ரிவ்யூக்களைச் சேர்க்காதீங்க. அறை பிடித்துப்போய் வருபவர் காட்டுக்காக வருபவர் அல்ல. ஒரே வழிகாட்டியின் பெயரோடு ஒரே வாரத்தில் குவிந்தவை கேட்டு வாங்கியவையாக இருக்கலாம். தனியே வைத்து, அவற்றோடும் அவை இல்லாமலும் கணக்குப் போடுங்க.

மலைத்தடம்:
நன்றி. "மறுபடி" என்ற சொல்லைத் தேடி எண்ணினால் வேலை குறையுமா?

எண்கணக்கு:
"மறுபடி வரவே தோணாது" என்பதும் அதில் விழும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவை மொத்தமாக நழுவிவிடும். வாசிக்க வேண்டியவற்றைப் பொறுக்க மட்டும் தேடலைப் பயன்படுத்துங்க. கூகுளின் பிளேசஸ் ஏபிஐ (நிரல் வழியாகத் தரவு எடுக்கும் வசதி) ஓர் இடத்துக்கு 5 ரிவ்யூ மட்டுமே தரும், அதை ஆய்வு மாதிரி (sample) என்று சொல்லவே முடியாது. எந்த வரிசையில், எந்தத் தேதியில் எடுத்தீங்க என்பதை முதல் நாளே எழுதி வைங்க.