சவூதிக்கு விசிட் விசாவில் வெல்டர் வேலை: அங்கே போய் மாற்ற முடியுமா?

என் அக்கா வீட்டுக்காரர் வெல்டர். ஊர் பாலக்கோடு பக்கம், ஓசூர் சிப்காட்டில் ஆர்கான் வெல்டிங் செய்தவர். தம்மாமில் பைப்லைன் வேலை என்று கிருஷ்ணகிரியில் ஒருவர் ஆள் எடுத்தார். வேலை விசா என்றுதான் பேச்சு. போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்ததோ வணிக விசிட் விசா. "வேலை செய்ய அனுமதி இல்லை" என்று அதிலேயே அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருக்கிறது. கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் போறாங்க, அங்க போனதும் இகாமா போட்டுத் தருவாங்க" என்கிறார். இகாமா என்றால் சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை.

மாமா பத்தாவது தேறவில்லை, பாஸ்போர்ட் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) வகை. அப்படியென்றால் வேலைக்குப் போக இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். ஆள் எடுத்தவர் கொடுத்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சம்பளம் மட்டும் கொட்டை எழுத்தில். பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன், இல்லை. லைசென்ஸ் சென்னை ஆபீஸ் பெயரில் இருக்கிறதாம். எண் கேட்டேன், இன்னும் வரவில்லை. திறன் தேர்வு, மெடிக்கல் பற்றியும் பேச்சே இல்லை. ரியாத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, மாற்ற முடியாது, ஊருக்கு வந்து புது விசாவில்தான் போகணும் என்கிறான். முன்பணம் நகையை அடகு வைத்துக் கொடுத்தது, அக்காவுக்குத் தூக்கமில்லை. டிக்கெட் வரும் வெள்ளிக்கிழமை, பெங்களூரிலிருந்து.

வணிக விசிட் விசாவில் சவூதி போய், ஊர் திரும்பாமல் அங்கேயே இகாமா வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?